கொடிக்கம்ப மாளிகைகளின் மொட்டைமாடி பற்றி ஒரு திறந்த மடல்

படைத்தளபதிகளின் அரசுக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் பொறியியல் அலுவலர்களுக்கும், அந்த வீடுகளில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு மாறுதலாகிப் போகும் தளபதிகளுக்கும்,

வணக்கம்.

பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை, மரவேலை, கட்டமைப்பு ஆய்வு செய்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த தளபதி குடிவருவதற்கு முன் வீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் மொட்டைமாடிக்குப் போகட்டும். மிச்சம் இருந்தால் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொள்ளலாம். இப்போது நடப்பது தலைகீழ்.

வெள்ளைக்காரன் காலத்தில் படைத்தலைவரின் வீட்டு உச்சியில் அவருடைய கொடி பறக்கும். அதனால் அந்த வீட்டுக்கே கொடிக்கம்ப மாளிகை என்று பெயர் வந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்ற அந்தப் பெயர் இன்றும் பல கண்டோன்மென்ட்களில் வாயிற்பலகையில் இருக்கிறது. இவற்றில் பெரியது டில்லியில் இருந்தது. ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைத்து 1930-ல் முடிந்த அந்த மாளிகை பிரிட்டிஷ் இந்தியாவின் பிரதான படைத்தளபதிக்காகக் கட்டப்பட்டது. 1948-ல் அது பிரதமரின் இல்லமாகி, தீன் மூர்த்தி பவன் என்ற பெயரில் நேரு 1964-ல் மறையும்வரை அவர் வாழ்ந்த வீடாக இருந்தது. 1949 ஜனவரி 15 அன்று கரியப்பா முதல் இந்தியப் பிரதான தளபதியாகப் பொறுப்பேற்றபோது, படைத்தலைமைக்கென்றே கட்டிய மிகப் பெரிய வீடு படையின் கையில் இல்லை. தலைநகரில் அப்படி. மற்ற ஊர்களில் யார் யாருக்கோ கட்டிய பங்களாக்களே தளபதிகளின் வீடாயின. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதும், இந்தியப் படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி நீலகிரியில் வெலிங்டனுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான். கொல்கத்தாவின் வில்லியம் கோட்டை ராணுவத்தின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமாகத் தொடர்கிறது. அதற்கு அண்மையில் விஜய் துர்க் என்று பெயர் மாறி, உள்ளேயிருக்கும் கிச்னர் மாளிகைக்கு மானெக்‌ஷாவின் பெயர் வந்தது. நல்ல காரியம். ஆனால் பெயர் மாறினாலும் மேலே இருப்பது பழைய கூரைதான்.

இந்த வீடுகளின் பெரிய எதிரி மழையும் அல்ல, கரையானும் அல்ல. மாறுதல் உத்தரவு. பழையவர் காலி செய்து புதியவர் வருவதற்குள் சில வாரங்கள்தான் கிடைக்கும். அதற்குள் வீடு புதிதாகத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அந்த அவசரத்தில் செய்ய முடியும்: பட்டி பார்த்து எமல்ஷன், குளியலறைக்குப் புது டைல்ஸ், வரவேற்பறைக்கு ஃபால்ஸ் சீலிங். போன மழையில் ஒழுகிய கறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போய்விடும். ஒழுகல் நிற்காது, பார்ப்பதுதான் நின்றுபோகும். மூன்று தளபதிகள் மாறிய பிறகு ஜிப்சம் பலகை ஈரத்தில் தொய்ந்து விழும்போது, மேலே உத்தர முனை கையால் பிய்த்தால் வருகிற நிலையில் இருக்கும். கீழே குடியிருந்த ஒருவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. யாருக்கும் அது தெரிய வாய்ப்பே இல்லை.

இனி கூரை. தென்னிந்தியாவில் இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் தலையில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். அதன் உடலமைப்பு தெரியாமல் அதன்மேல் கைவைக்கக் கூடாது. கீழிருந்து மேலாகச் சொல்கிறோம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு அடி முதல் ஒன்றரை அடி. பெரிய ஹால்களில் நடுவே கனத்த இரும்பு விட்டமோ மரத் தூலமோ தாங்கும். உத்தரங்களின்மேல், சிறு பலகை போன்ற தனிரகச் செங்கல், சுமார் 15-க்கு 7.5-க்கு 2.5 சென்டிமீட்டர் அளவில், பக்கவாட்டில் நிமிர்த்தி, உத்தரத்துக்கு 45 பாகையில் கோணமாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை பிடித்திருப்பார்கள். அந்த வரிசை இறுகியதும் அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை: மூன்று பங்கு செங்கல் ஜல்லி, ஒரு பங்கு பருமணல், இவற்றின் கன அளவில் பாதி சுண்ணாம்புச் சாந்து. பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டு, மரக்கட்டையால் மூன்று நாள் அடித்து ஏழரைக்குக் கொண்டுவருவார்கள். அடிக்கிற நேரமெல்லாம் சுண்ணாம்பு நீர் தெளிப்பார்கள். கட்டை பட்ட இடத்தில் பள்ளம் விழாமல் துள்ளினால்தான் அடித்தது போதும் என்று கொத்தனார் ஒப்புக்கொள்வார். அதன்மேல் இரண்டு வரிசை தட்டோடு (தட்டையான ஓடு), மேல்வரிசையின் மூட்டு கீழ்வரிசையின் மூட்டுக்கு நேரே வராதபடி. கடைசியில் சுண்ணாம்பு மேற்பூச்சு. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, 36-க்கு 1.

இந்தக் கூரை தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது பிளாஸ்டிக் உறைபோல அல்ல. கொஞ்சம் உறிஞ்சும், வெயில் வந்ததும் மூச்சாக விட்டுவிடும். மேலே மேற்பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால், கரைந்த சுண்ணாம்பே அதில் இறங்கி ஓரளவு தானாக மூடிக்கொள்ளும். நூறு வருடம் நின்றதற்கு அதுதான் காரணம். அது வேலை செய்ய ஒரே நிபந்தனை: மேல்பரப்பு காய வழி இருக்க வேண்டும்.

அந்த வழியைத்தான் அடைக்கிறோம். ஒழுகுகிறது என்று புகார் வந்ததும் வழக்கமாக நடப்பது, பழைய பரப்பின்மேல் ஐந்து சென்டிமீட்டர் சிமென்ட் கலவை, அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் வெயில் தடுக்கும் வெள்ளை ஓடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல் வரிசை, ஜல்லிக் காரை, தட்டோடு எல்லாம் சேர்ந்து பழைய கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோ. புதிதாக ஏற்றியது இன்னும் 150 கிலோ. ஐந்துக்கு ஆறு மீட்டர் அறையின் தலைமேல் நாலரை டன் கூடுதல். ஒரு லாரி லோடு. உத்தரம் தேக்குதான், தாங்கும், உடனே ஒடியாது. மெல்ல வளையும். வளைந்ததும் கீழே செங்கல் வரிசையின் சாந்து பிரியும், மேலே சிமென்ட் தளம் விறைப்பாக நின்று பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய மழைநீர் இனிக் காயாது, ஏனென்றால் மேலே சிமென்ட் மூடி. அது ஜல்லிக் காரைக்குள்ளேயே ஊறிக் கிடந்து, வாட்டத்தின் கீழ்முனைக்கு, அதாவது உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு நகரும். அடுத்த வருடம் அதே புகார் வேறு மூலையிலிருந்து வரும். அதற்குத் தார் ஷீட் ஒட்டுவார்கள். ஒரு கோடையில் அது குமிழ் விடும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகித் தூக்குவதுதான் அந்தக் குமிழ்.

நீர்க்கசிவு சோதனை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கான்கிரீட் கூரையில் வடிகாலை அடைத்து, பத்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது சரியான சோதனை. மெட்ராஸ் டெரஸில் அதைச் செய்யாதீர்கள். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. முனை இற்றுப்போன உத்தரம் அன்றைக்கே இறங்கிவிடலாம். இங்கே செய்ய வேண்டியது ஹோஸ் பிடிப்பது. கூரையை இரண்டு மீட்டர் பட்டைகளாகச் சாக்கட்டியால் பிரித்துக்கொண்டு, வாட்டத்தின் தாழ்ந்த முனையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பட்டைக்கு இரண்டு மணி நேரம். கீழே ஒருவர் டார்ச்சுடன் இருக்கட்டும். கறை எந்தப் பட்டையில் தெரிகிறதோ அதுதான் இடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் ஓடிவந்து எல்லாப் பட்டையையும் நனைத்து உங்களை ஏமாற்றிவிடும்.

பெரும்பாலான ஒழுகல் கூரையின் நடுவில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், அப்புறம் கொடிக்கம்பத்தின் அடி. குழாய் வாய்க்குக் கணக்கு உண்டு: 40 சதுர மீட்டர் கூரைக்கு 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. 300 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 15,000 லிட்டர். எட்டுக் குழாய் வேண்டிய இடத்தில் நாலு இருந்து, அதில் இரண்டு மாமர இலையால் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சென்னைப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகஸ்டில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வாயைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாளி தண்ணீர் கொட்டி, கீழே எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். செலவு இரண்டு ஆளின் அரை நாள் கூலி.

கொடிக்கம்பம். வீட்டின் கௌரவமே அதுதான், கூரையின் ஓட்டையும் பல இடங்களில் அதுதான். பழைய முறையில் கம்பத்தைச் சுவரின் தலையிலோ தனிக் கல் பீடத்திலோ நிறுத்தினார்கள். பின்னாளில் மாற்றியவர்கள் தளத்தின் நடுவே இரும்புத் தகடு வைத்து, நாலு போல்ட்டைக் காரைக்குள் இறக்கினார்கள். காற்றில் கம்பம் ஆட ஆட போல்ட்டைச் சுற்றிக் காரை பொடிந்து குழியாகும். போதாதென்று, கம்பம் ஆடாமலிருக்கக் கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக் கட்டிய கம்பி, சுவரின் செங்கலை உள்பக்கமாகப் பெயர்க்கும். கைப்பிடிச் சுவரில் படிப்படியாக ஏறும் கோணல் விரிசல் தெரிந்தால் அது எந்தக் கம்பியை நோக்கிப் போகிறது என்று முதலில் பாருங்கள். கம்பத்தைக் கீழிருந்து மேல்வரை போகும் கட்டுச்சுவரின் தலைக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் கவ்வும் வளையம் மேலே ஒன்று கீழே ஒன்று போதும். முடியாவிட்டால் முற்றத்துக்கு இறக்குங்கள். கொடி தரையிலிருந்து எழுந்தாலும் கொடிதான்.

உத்தரத்துக்கு வருகிறோம். இதில் அவசரப்பட முடியாது. வைரம் பாய்ந்த பழைய தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. வைரமேறாத வெளுப்பு மரத்தைத் தொடும். இடையில் யாரோ பழுதுபார்த்தபோது செருகிய மலிவு மரத்தை விருந்தாகத் தின்னும். உத்தரத்தின் நடுப்பகுதி திடமாக இருப்பதைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் ஆய்வுகளில் நடக்கும் பெரிய தவறு. பார்க்க வேண்டியது சுவருக்குள் இருக்கும் கடைசி இருபது சென்டிமீட்டர். அதை இப்படிப் பார்க்கலாம். சுவரோரத்தில் பூச்சைக் கையகலத்துக்கு எடுங்கள். ஈரமானியை மரத்தில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இப்போதைக்கு இற்றுப்போகும் பயம் இல்லை. அதற்கு மேலே என்றால், கூர்மையான மெல்லிய ஊசியுளியை சுவருக்குள் போகும் பாகத்தை நோக்கிச் சாய்வாக அழுத்துங்கள். நல்ல தேக்கில் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும், எடுக்கும்போது மரம் பிடித்துக்கொள்ளும். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, நுனியில் பழுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த முனை போய்விட்டது. மணத்திலும் தெரியும். நல்ல தேக்குக்கு எண்ணெய் கலந்த தோல் வாசனை. இற்றது மழைக்குப் பிந்தைய காளான் வாசனை அடிக்கும்.

முனை போனால் முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தேக்கை விலைக்கு வாங்கக் கிடைக்காது, தயவுசெய்து அதை வெட்டி எறியாதீர்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கெட்ட உத்தரத்துக்கும் இருபக்கத்து நல்ல உத்தரங்களுக்கும் சேர்த்துக் குறுக்குச் சட்டம் கொடுத்து, திருகு ஜாக்கியால் முட்டு நிறுத்துங்கள். ஜாக்கியின் அடியில் பலகை பரப்புங்கள், இல்லாவிட்டால் பழைய தரை உடையும். தூக்குவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். வளைந்த கூரையை ஒரே நாளில் நிமிர்த்தினால் செங்கல் வரிசை உதிர்ந்து தலையில் விழும். பல வருடத் தொய்வை முழுக்க நிமிர்த்தவும் வேண்டாம், சுமை மாறினால் போதும். இற்ற பாகத்தை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுங்கள். இரண்டு பக்கமும் எட்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசியது, நல்ல மரத்தின்மேல் 60 சென்டிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட், நேர்கோட்டில் அல்லாமல் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி. நேர்கோட்டில் துளையிட்டால் மரம் நார்வாக்கில் பிளக்கும். தகடும் புதிய முனையும் உட்காரச் சுவரில் கருங்கல் துண்டு வையுங்கள். கடைசியாகச் சொல்வதை யாரும் செய்வதில்லை: முனையைச் சுற்றி ஒரு விரல்கடை இடைவெளி விட்டுவிடுங்கள், சாந்து வைத்து அடைக்காதீர்கள். மரம் மூச்சுவிட அந்த இடம் வேண்டும். அது இல்லாததால்தான் முதல் முனை இற்றது.

உத்தரங்களில் பழைய இரும்பு வளையங்கள் தொங்கும். பங்கா, அதாவது கயிறு இழுத்து ஆட்டும் பெரிய விசிறி, தொங்கவிட்டவை. சுவரில் அதன் கயிறு போன ஓட்டைகள், உள்ளே பித்தளை உருளை. ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். வெளியே வராந்தாவில் நாள் முழுக்கக் கயிறு இழுத்தவனைப் பற்றி அந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே தடயம் அதுதான்.

சுவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் கூரையில் சொன்னதேதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஓதத்தை, அதாவது மண்ணின் ஈரத்தை, ஏற்றி, பரப்பின் வழியாகக் காற்றில் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஓதம் அங்கே வெளியேற முடியாமல், பூச்சு முடியும் உயரத்துக்குமேல் ஏறும். முன்பு இடுப்பளவில் இருந்த கறை தலையளவில் வரும். சிமென்டிலிருந்து உப்பும் சேரும். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் உப்பளம் போலப் பொருக்கு விடும். மறுபடி சுரண்டி மறுபடி எமல்ஷன். ஓதம் ஏறுவதற்குத் தோட்டமும் ஒரு காரணம். தளபதி வீட்டுத் தோட்டம் தினமும் நீர் குடிக்கும் தோட்டம். வருடா வருடம் செம்மண்ணும் எருவும் கொட்டி, பூப்பாத்தி சுவரை ஒட்டியே உயர்ந்து, அஸ்திவாரக் காற்றுத் துளைகள் மண்ணுக்குள் போயிருக்கும். வெளித்தரை உள்தரையைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குப் பாத்தி வேண்டாம், ஜல்லி போடுங்கள். பல வீடுகளில் இது ஒன்றைச் செய்தாலே சுவர் பாதி காய்ந்துவிடும்.

பூச வேண்டிய இடத்தில்: நீற்றி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊறிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் அல்லது நன்கு கழுவிய மணல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில் குழைப்பது நம் வழக்கம். இறுகும் நேரத்தையும் பிடிப்பையும் அது மாற்றும். ஆனால் கடுக்காய் நீர் ஊற்றிவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் புதிய மோகம் ஒன்று கிளம்பியிருக்கிறது. ஊறாத சுண்ணாம்புக்கு எந்தக் கடுக்காயும் உதவாது. சுவரில் போன பிறகு நீறாத கட்டிகள் நீறி, பூச்சை அம்மைக் கொப்புளம்போலத் தள்ளும். ஒரு பூச்சுக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் இடைவெளி. அதுவரை ஈரச் சாக்கு. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இறுகுகிறது. அவசரத்துக்கு ஃபேன் போட்டு உலர்த்தினால் மாவாகத்தான் நிற்கும். சுட்ட சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாத ஆளை அந்தத் தொட்டியருகே விடாதீர்கள். முடிவில் எமல்ஷன் அல்ல, வெள்ளையடிப்பு. பால்போல நீர்த்தது, மூன்று நாலு கை, ஒவ்வொரு கைக்கும் முன் சுவரை நனைத்து.

ஏசி இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். புழுக்கக் காலத்தில் ஓர் இயந்திரம் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் விடும். பத்து அறைக்குப் பத்து இயந்திரம். குழாய் முனை சுவரின் கார்னிஸிலேயே (வெளியே நீட்டிய விளிம்பு) முடிந்தால், அங்கே அரசமரக் கன்று முளைத்திருக்கும், பந்தயம் கட்டலாம். கன்றைப் பிடுங்காதீர்கள், தண்டுதான் வரும். அடியோடு வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் களைக்கொல்லியைத் தூரிகையால் வெட்டுவாயில் தடவி, வேர் செத்த பிறகு குடைந்தெடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். ஆசிட் ஊற்றுவது வேரைவிடச் சுவரைத்தான் அதிகம் தின்னும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன். அதைச் சுவரின் தலையில் குறுக்கே போட்ட இரும்பு விட்டத்தில் வையுங்கள், தளத்தில் வைக்காதீர்கள். மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ஏசி இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. புதிய இணைப்புக்குச் சுவரை மெஷினால் வெட்டிப் பள்ளம் எடுக்காமல் வெளிப்புறக் குழாயிலேயே கொண்டுபோங்கள். அழகு போகிறது என்பார்கள். சுண்ணாம்புச் சுவரில் ஒரு பள்ளம் எடுத்தால் கூடவே அரை மீட்டர் பூச்சு கழன்று வரும். அது இன்னும் அழகாக இருக்காது.

மேலே சொன்னது சமவெளி வீடுகளுக்கு. வெலிங்டன் போன்ற மலை வீடுகள் வேறு. அங்கே சாய்கூரை, கணப்பு அடுப்பு, புகைக்கூண்டு. மெட்ராஸ் டெரஸ் விதிகளை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. ஒன்று மட்டும்: ஹீட்டர் வந்ததும் கணப்பை மூடி, புகைக்கூண்டின் தலையையும் அடியையும் சிமென்டால் அடைத்துவிடுகிறார்கள். மழையூறிய செங்கல் கூண்டு காற்றோட்டமில்லாமல் புழுங்கி, கணப்பைச் சுற்றியுள்ள சுவர்தான் வீட்டிலேயே ஈரமான சுவராகிறது. தலைக்கு மழை விழாத தொப்பி, அடியில் உள்ளங்கை அளவு கம்பிவலைத் துளை. போதும்.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு. ‘கூரை பழுதுபார்த்தல், முழுமையாக’ என்று ஒற்றை வரி எழுதினால் சிமென்ட்தான் வரும், ஒப்பந்தக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேலையை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் திறந்து பார்ப்பது மட்டும், தனித் தொகை. திறந்த பிறகு அளவெடுத்து எத்தனை உத்தரம், எத்தனை சதுர மீட்டர் காரை என்று இரண்டாம் பட்டியல். பிறகு வேலை. சுண்ணாம்புக்குத் தனி வரி, ஊறும் நாட்களோடு. தளம் அடிப்பதற்கும் தனி வரி, நாள் கணக்கில். அதை எழுதாவிட்டால் மூன்று நாள் அடி மூன்று மணி நேர அடியாகும். வேலையை ஏப்ரல், மே மாதங்களில் முடிக்க வேண்டும் என்பதால், நிதியாண்டின் கடைசியில் மார்ச்சில் செலவழித்தே ஆக வேண்டும் என்று அள்ளிப்போடும் பணம் இதற்கு உதவாது. ஜனவரியிலேயே சுண்ணாம்பு நீற்றி வைத்தால்தான் நடக்கும். வீடு தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்துக்குள்ளேயோ அதன் அருகிலோ இருந்தால், சென்னை ஜார்ஜ் கோட்டை அப்படி ஒன்று, 1958-ம் ஆண்டுச் சட்டமும் 2010-ன் திருத்தமும் குறுக்கே வரும்: 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கிடையாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கான மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாறுதல் சமயத்தில் வீட்டுச் சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு மேசை, நாற்காலி, திரைச்சீலை, தேக்கரண்டி வரை எண்ணிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். உத்தரத்தை எண்ணுவதில்லை. வீட்டுக்கு ஒரு ஏடு வேண்டும். அலுவலகக் கோப்பாக இருந்தால் அலுவலரோடு போய்விடும், ஆகவே வீட்டிலேயே, சாமான் பட்டியலோடு சேர்த்து, கைமாறும்போது இருவரும் கையெழுத்திட வேண்டிய ஏடு. அதில் கூரையின் வரைபடம். ஒவ்வொரு உத்தர முனையின் ஈர அளவு, வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில். விரிசல் விரிகிறதா என்று பார்க்க அதன் குறுக்கே ஒட்டிய கண்ணாடித் துண்டு எப்போது உடைந்தது என்ற தேதி. எந்தச் சுவரில் யார் காலத்தில் என்ன சாந்து பூசினார்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டே ஆக வேண்டுமென்றால் அறைக்கு இரண்டு இடத்தில், சுவரோரமாக, ஆள் தலைநுழையும் அளவு திறப்பு.

உத்தரங்களுக்கு எண் போடுவதிலிருந்து தொடங்கலாம். கிழக்குச் சுவரிலிருந்து மேற்காக ஒன்று, இரண்டு, மூன்று. பெயின்டால் எழுதினால் அடுத்த மாறுதலில் அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவார்கள். கட்டைவிரல் அளவு பித்தளைத் தகடு, பித்தளை ஆணி. இரும்பாணி தேக்கில் கருங்கறை விடும். ஒரு தச்சரும் ஒரு உதவியாளும் ஏணியோடு வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் வேலை.

இப்படிக்கு,
பழைய கட்டட வேலை செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், பொறியாளர்கள்